மறுபடியும் ஒரு பெட்டி மாடல்

நாற்பது வயதை எட்டிப் பார்க்கும் நேரத்தில் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. வாங்கிவிட்டுச் சொன்னேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். வேண்டாம் என்ற பிறகு வாங்கினால் அந்தச் சண்டை வருடக்கணக்கில் ஓடும். கேட்காமல் வாங்கினால் கொஞ்ச நாள் கோபத்தோடு போய்விடும். மாமியார் வீட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா.

அது எனக்கு இரண்டாவது கார். முதல் கார் எண்பதுகளின் நடுவில், கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. அப்பா ஓசூரில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். அண்ணன் பேரில் கார் பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்தில் சின்னக் கார் என்றால் ஒன்றே ஒன்றுதான், பெயர் சொல்லத் தேவையில்லை. பதிவு செய்துவிட்டு எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். எங்கள் முறை வந்து வண்டி கைக்குக் கிடைத்தபோது அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருந்தான். அப்பாவுக்கு மொபெட் தவிர எதுவும் ஓட்ட வராது. வெள்ளைக் கார் பட்டறை முன்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் ஓட்டறன்ப்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, ஓட்டு. சும்மா நின்னா பேட்டரி போயிடும்" என்றார். பேட்டரி போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் எனக்கு அந்தக் கார் கிடைத்தது.

கெலவரப்பள்ளிப் பக்கத்து மண்சாலைகளில் ஓட்டிப் பழகினேன். ஒரு மாதத்தில் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டேன். சாலையில் அப்போது அம்பாசடரும் பியட்டும்தான். என் வண்டியைப் பார்த்து தகர டப்பா என்று சிரிப்பார்கள். டப்பாதான். ஆனால் எடை இல்லாத டப்பா. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு கிளம்பும். அத்திப்பள்ளி வருவதற்குள் நாலைந்து அம்பாசடர்களைத் தாண்டிவிடுவேன். தாண்டும்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளிமார் கழுத்தைத் திருப்பி யார் ஓட்டுவது என்று பார்ப்பார்கள். பார்த்ததும் டிரைவர் தோளைத் தட்டுவார்கள். டிரைவர் மிதிப்பார். ஆனாலும் அம்பாசடர் அம்பாசடர்தானே.

பெங்களூரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து கார்புரேட்டரிலும் சைலன்சரிலும் கொஞ்சம் கைவேலை செய்யவைத்தேன். வண்டிக்குத் தொண்டை வந்துவிட்டது. அங்கே ஒரு மோட்டார் கிளப் பெண்களுக்கென்று நடத்திய பந்தயத்தில் கலந்துகொண்டேன். பரிசு எதுவும் வரவில்லை. பாதி வழியில் பாதை தவறி ஒரு கோழிப்பண்ணைக்குள் போய்விட்டேன். அந்த நாளைப் போல் அதற்கு முன்னும் நான் சந்தோஷமாக இருந்ததில்லை, அதற்குப் பிறகும் ரொம்ப காலத்துக்கு இருந்ததில்லை.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை வீடு கிருஷ்ணகிரி. பேச்சு வார்த்தை நடக்கும்போதே தரகர் அப்பாவிடம், "பொண்ணு கார் ஓட்டுதுன்னு அவங்க காதுல விழ வேணாங்க" என்று சொல்லியிருக்கிறார். நான் மறுவீட்டுக்கு வந்தபோது பட்டறை முன்னால் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. காரை விற்று மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார் அப்பா.

"இனிமே உனக்கு எதுக்கும்மா? அவரு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவாரு. வித்ததெல்லாம் அவங்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லாத" என்றார்.

கார் என் பேரில் இல்லை. பேச எனக்கு என்ன இருந்தது?

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து போனேன். என் கணவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், ஸ்கூட்டரை மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் ஓட்டவும் மாட்டார். எதிரே லாரி வந்தால் சாலையை விட்டு இறங்கி நின்று, அது போன பிறகு ஏறுவார். அவருக்குப் போச்சம்பள்ளியில் வேலை, எனக்கு ஓசூரில் அதே பழைய கம்பெனி. இரண்டு பேரும் விடியற்காலையில் ஆளுக்கொரு கம்பெனி பஸ் ஏறுவோம். ஒரு மகள் பிறந்து பள்ளிக்கூடம் போனாள். இதற்கிடையில் அப்பாவும் காலமாகிவிட்டார்.

சூளகிரிக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு மாங்கூழ் ஆலை இருந்தது. அதன் முற்றத்தில் பழைய டிரம்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கார் நிற்பதை பஸ் ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். என் முதல் கார் போலவே பெட்டி மாடல். அதற்குப் பிறகு வந்த மாடல்களையெல்லாம் வழவழவென்று உருட்டிவிட்டார்கள், இது மட்டும்தான் தீப்பெட்டி மாதிரி மூலை மூலையாக இருக்கும். வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை திரும்பும்போது, டிரைவரிடம் சொல்லி அங்கேயே இறங்கிக்கொண்டேன்.

ஆலை முதலாளி எழுந்து வந்து, என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஓடாதும்மா. சீசன்ல கூலியாளுங்களுக்குச் சோறு எடுத்துட்டு வர வெச்சிருந்தோம். இப்ப சும்மா கெடக்குது."

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாங்களா?"

"உங்க வூட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்."

"அவருக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க. எங்கிட்டயே பேசுங்க."

பேசினார். கதவைத் திறந்தபோது புளித்த மாம்பழ வாடை குப்பென்று அடித்தது. சீட்டுக்கு அடியில் மாங்கொட்டைகள் காய்ந்து கிடந்தன. லாரி பேட்டரியில் ஒயர் கொடுத்து சாவியைத் திருப்பியபோது இருமியது, புகை விட்டது, பிறகு ஓடத் தொடங்கியது. நான் கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். கை தடவித் தேடவில்லை. அதற்குத் தெரிந்திருந்தது.

விலை பேசி வாங்கினேன். கர்நாடகப் பதிவு வண்டி. அதை இந்தப் பக்கம் மாற்ற பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் லீவு போட்டுவிட்டு அலைந்தேன். பதிவு என் பேரில் ஆனது. அதுதான் எனக்கு முக்கியம்.

பழையபேட்டையில் ஷெட் வைத்திருந்த பாயிடம் வண்டியை விட்டேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இதப் போட்டு ரிப்பேர் பண்றதுக்கு லோன்ல புதுசா ஒண்ணு எடுத்துடலாம். ஏசி இருக்குது, பவர் ஸ்டியரிங் இருக்குது. லேடீசுக்கு அதான் லாயக்கு."

"எனக்கு எது லாயக்குன்னு நான் பாத்துக்கறன் பாய். இதுக்கு என்னென்ன மாத்தணும்னு நீங்க பாருங்க."

சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வேலை சுத்தமாகத்தான் செய்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ஒரு ரப்பர் ஹோஸை மட்டும், "இது இன்னும் தாங்கும் மேடம்" என்று விட்டுவிட்டார்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். எதற்கு வாங்கினாய் என்று கேட்கவில்லை. "எங்க நிறுத்துவ?" என்று கேட்டார். வேப்பமரத்தடியில் என்றேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வெச்சிக்க. ஆனா என்ன ஏறச் சொல்லாத. கம்பெனில ஏற்கெனவே வாய்க்கு வந்தபடி பேசுவானுங்க. வூட்டுக்காரம்மா ஓட்டுது, இவன் பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்து வரான்னு."

அத்தை, அதாவது என் மாமியார், வாசல்படியை விட்டே இறங்கவில்லை. "பொம்பள ஓட்ற வண்டில நான் ஏற மாட்டன். அதுவும் இந்த ஓட்ட டப்பாவுல" என்றார். மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, பாட்டு கேக்கறதுக்குக்கூட ஒண்ணும் இல்லையா?"

ஆக, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் போனேன். காலையில் கிருஷ்ணகிரி டேம் வரைக்கும், சில நாள் பர்கூர் வரைக்கும். இளமை திரும்பியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் வலித்தது. சீட் முதுகைக் குத்தியது. கண்ணாடியில் பார்த்தால் காதோரம் நரை தெரிந்தது. கம்பெனியில் ஒரு சிநேகிதி, "வயசு திரும்பி வரும்னு பாக்கறியா?" என்று கிண்டல் செய்தாள். வயது போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அது எல்லோருக்கும் போவது. கார் அப்படிப் போகவில்லை. என்னிடம் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது கார். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஆவணியில் அத்தையின் தங்கை மகனுக்கு அஞ்செட்டியில் கல்யாணம். என் கொழுந்தனார் ஓசூர் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் காண்டிராக்டர். அப்போதுதான் புதிதாக ஒரு உயரக் கூரை வைத்த ஏசி கார் வாங்கியிருந்தார். அத்தை, என் கணவர், மகள், கொழுந்தனாரின் மனைவி எல்லோரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

"அண்ணி, நீங்களும் ஏறிக்குங்க. பின்னாடி கொஞ்சம் நெருக்கி உக்காந்துக்கலாம். அந்த வண்டிய நம்பி அஞ்செட்டிக்குப் போவ முடியாது" என்றார் கொழுந்தனார்.

"நீங்க போங்க தம்பி. நான் வந்துடறன்."

ராயக்கோட்டை வரைக்கும் அவர்கள் பின்னாலேயே போனேன். கெலமங்கலம் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. ஹாரன் அடித்து, வலது பக்கம் எடுத்து, தாண்டினேன். தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு செய்கிற காரியமா என்று யாராவது கேட்டால், ஆமாம், பட்டுச்சேலை கட்டிக்கொண்டுதான் செய்தேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. சூட்டைக் காட்டும் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ராகிக் கொல்லையோரம் ஒதுக்கி நிறுத்தினேன். பாய் தாங்கும் என்று சொன்ன ஹோஸ் நுனியில் பிளந்திருந்தது. தண்ணீர் முழுக்கச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே புதுக்கார் வந்து நின்றது. கண்ணாடிகள் இறங்கின. உள்ளிருந்து குளிர்காற்றும் மல்லிகை வாசமும் வந்தன.

"நான் சொன்னன் இல்லண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல இதெல்லாம் தேவையா?" என்றார் அத்தை.

கொழுந்தனார் பக்கத்து சீட்டில் இருந்த என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏண்ணே, நீ ஒரு வார்த்த கண்டிச்சிருந்தா இத வாங்கி இருப்பாங்களா? உங்க வூட்ல யாரு ஆம்பளன்னே தெரியல."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நீ அம்மாவக் கூட்டிட்டுப் போ. நாங்க வரோம்."

"ண்ணே, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னன். ஏறு."

"போடா" என்றார்.

புதுக்கார் போய்விட்டது. அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் என் பக்கம் நின்றாரா, தன் மானத்துக்காக இறங்கினாரா என்று எனக்கு நிச்சயம் இல்லை. "தண்ணி வேணும்" என்றேன். பின்கதவைத் தூக்கி பிளாஸ்டிக் கேனை எடுத்துக் கொடுத்தேன். கொல்லைக்கு நடுவில் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது. சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். கொல்லைக்காரர் "காடி கெட்டோய்தா?" என்று வண்டி பழுதாகிவிட்டதா எனக் கன்னடத்தில் கேட்பதும், இவர் "ஹௌது" என்று ஆமோதித்துவிட்டுத் தமிழில் நீளமாக விளக்குவதும் கேட்டது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, திருப்புளியால் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றினேன். பிளந்த நுனியைக் கத்தியால் அறுத்து எறிந்தேன். மிச்சம் எட்டுமா என்று சந்தேகம். இழுத்துப் பிடித்துச் செருகினால் மயிரிழையில் எட்டியது. அவர் கேனை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா வரலைன்னா?"

"பஸ்ல போவோம்."

"இங்க பஸ் எப்ப வரும்?"

"எனக்கென்னா தெரியும். வரப்ப வரும்."

கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று சொன்னார். "அந்த ஸ்கூட்டரு, உங்கப்பா உன் காரை வித்துட்டுத்தான் வாங்கினாருன்னு எனக்குத் தெரியும்."

நிமிர்ந்து பார்த்தேன். "எப்ப தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. விக்கப்போறதா தரகர் சொன்னாரு."

"அப்ப ஏன் வேணாம்னு சொல்லல?"

"எனக்கு ஸ்கூட்டர் வேணும்னு ஆசையா இருந்திச்சு" என்றார்.

மறைக்கப்பட்டதாக நினைத்து நான் பன்னிரண்டு வருடம் காப்பாற்றி வந்த ரகசியம் அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. கையிலிருந்த திருப்புளியை வீசி எறியலாம் போல இருந்தது. ஆனால் அவர் அப்பாவைக் குறை சொல்லவில்லை, காலம் அப்படி என்று சமாளிக்கவில்லை. ஆசையாக இருந்தது என்றார். ஒரு வண்டிமேல் ஆசைப்படுவது என்ன என்று எனக்குத் தெரியும்.

"தண்ணிய ஊத்துங்க" என்றேன்.

ஊற்றினார். சாவியைத் திருப்பினேன். ஓடியது. ஹோஸ் ஒழுகவில்லை. பானெட்டை மூடிவிட்டு வந்து பார்த்தால் அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். வாங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை.

காட்டுக்குள் சாலை இறங்கத் தொடங்கியது. மூங்கில் புதர்கள், வளைவுக்கு வளைவு யானை நடமாட்டம் என்று எச்சரிக்கைப் பலகை. மூன்றாவது கியரில் போய், வளைவுக்கு முன்னால் இரண்டாவதுக்கு இறக்கி, வளைவின் நடுவிலேயே மறுபடி அழுத்தினேன். வண்டி சாலையை நகத்தால் கீறிப் பிடித்துக்கொண்டு திரும்பியது. அவர் ஒரு கையால் டாஷ்போர்டையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவா போயேன்."

"ஸ்கூட்டர்ல போறப்ப நான் ஒரு நாளாவது வேகமா போங்கன்னு சொல்லி இருக்கனா?"

"மனசுல நெனச்சிருப்ப."

"தெனமும் நெனச்சன்."

அவர் சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரிப்பது அபூர்வம். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தி முறை ஒருத்தர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னாம்மா நகமெல்லாம் கருப்பா கெடக்குது?" என்றார். வண்டியில் வேலை இருந்தது என்றேன். "டிரைவர் இல்லையா?" "நான்தான் டிரைவர்." அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை பாயசத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போது அத்தை என் கணவரிடம், "நீ தம்பி வண்டில வாடா, ஏறு" என்றார். கொழுந்தனாரும் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்லம்மா. அந்த வண்டிக்கு வழியில தண்ணி பாக்கணும். ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு என் வண்டியை நோக்கி நடந்தார். கேனில் தண்ணீர் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏற்றத்தில்தான் அந்தக் கார் என்ன என்று தெரியும். இறக்கத்தில் எந்த வண்டியும் ஓடும். இரண்டாவது கியரில் இன்ஜின் கத்திக்கொண்டே ஏறியது. உள்ளே ஏசி இல்லை, பாட்டு இல்லை, பேசினால் கேட்காது. திறந்த ஜன்னல் வழியாகக் காட்டின் பச்சை வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து வந்தன. முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்த பஸ் ஒன்றை சாலை நேராக இருந்த இடத்தில் தாண்டினேன். பஸ் ஜன்னலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டுக்கு வந்ததும், "முள்ளு மேல போவல" என்றார். சூட்டு முள்ளைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த வாரமே பாயிடம் போய் எல்லா ஹோஸையும் புதிதாக மாற்றச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். கொழுந்தனார் தீபாவளிக்கு வந்தபோது, பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுக்கும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது என்று விளம்பரத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பலகாரத்தை வைத்து அவருக்கே கொடுத்தேன்.

என் கணவர் வாரத்துக்கு ஒரு நாள் என்னோடு வரத் தொடங்கினார். கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கம்பெனியில் பேசினார்களா என்று கேட்டேன். பேசினார்கள் என்றார். அதற்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "அஞ்செட்டி காட் ரோட்ல ஒரு தரம் வந்து உக்காந்து பாரு, அப்புறம் பேசுன்னன்" என்றார்.

அத்தை கடைசிவரை அந்த வண்டியில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட ஆட்டோ பிடித்துத்தான் போனார். நான் பின்னாலேயே என் வண்டியில் போவேன். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதைதான்.

அஞ்செட்டிக் கல்யாணத்துக்கு அடுத்து வந்த கோடையில் வண்டியைப் பெங்களூருக்கு ஓட்டிப்போய் சைலன்சரை மாற்றினேன். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பையன்களின் மோட்டார் சைக்கிள்கள் போடும் சத்தத்தைப் பற்றி இதுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லையே என்று கேட்டேன். காபி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போல வண்டியை எடுத்தேன்.